இல்லத்துக்கு ஒரு கோப்பிப் பொறி

விழா மலரிலே தமிழாசிரியன் எழுதும் கட்டுரைக்குப் பொருள் இன்னதென்பது பெரும்பாலும் முன்னரே தீர்ந்துவிடும். கம்பனின் உவமை நயம், சங்க காலத்துப் பெண்பாற் புலவர், இலக்கணத்தின் இன்றியமையாமை ஆகியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு பக்கம் நிரப்பிக் கொடுத்தால் மலராசிரியர் மகிழ்வர். படிப்போர் பக்கத்தைப் புரட்டிவிட்டு, தம் வகுப்பு நிழற்படம் எங்கே என்று தேடுவர். இம்முறை அப்பெரும் பொருள்களை விடுத்து, சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் இரண்டு மாத காலம் விவாதிக்கப்பட்ட ஒரு சிறு பொருளைப் பற்றி எழுதத் துணிந்தேன். அது வீட்டிலே கோப்பி வடிக்கவும் பாலை நுரைக்கச் செய்யவும் உதவும் மின்சாரப் பொறி. அதனை எஸ்பிரெஸோப் பொறி என்பர்.

கல்லூரி மலருக்கு இது தகுமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று மூன்று அதிகாரங்களுக்குத் தெரிதலையே தலைப்பிலே வைத்தார். அரசியலுக்கு உரைத்த அறிவு அடுக்களைக்குப் பொருந்தாது என்பதற்கில்லை. அன்றியும், நம் பழைய மாணவர் இலண்டனிலும் தொரொந்தோவிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு, ஊரிலுள்ள தாய்க்கும் தங்கைக்கும் பொறிகளை அனுப்பிய வண்ணம் இருக்கின்றனர். அவற்றுள் எத்தனை பெட்டியோடு பரண்மேல் ஏறின என்பதை அவரவர் வீட்டார் அறிவர். ஆதலால் இக்கட்டுரை சிலருக்கேனும் பயன்படும் என்று நம்புகின்றேன்.

நிகழ்ந்தது இது. என் ராத்தாவின் மகன் கத்தார் நாட்டின் தோஹா நகரிலே ஒரு கோப்பிக் கடையில் ஏழாண்டு பணிபுரிந்துவிட்டு ஒலுவிலுக்குத் திரும்பினான். முதலிரண்டு ஆண்டு மேசை துடைத்தான். பின்னர் பொறியின் முன் நின்று கோப்பி வடிக்கும் நிலைக்கு உயர்ந்தான். அத்தொழில் வல்லாரைப் பரிஸ்டா என்று இத்தாலியச் சொல்லாற் குறிப்பர். தோஹாவிலே அப்பெயருக்கு ஒரு மதிப்பிருந்தது. ஊரிலோ, "அங்கே கோப்பி ஊற்றுகிற வேலையாம்" என்னும் ஒரு வரியில் ஏழாண்டு உழைப்பும் அடங்கிற்று. வினவியோர்க்கு அவன், "ஹோட்டல் வேலை" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றுவதை நானே பன்முறை கண்டேன். தான் கற்ற கைத்தொழிலை வீட்டாராவது ஒருமுறை கண்ணாற் காணவேண்டும் என்பது அவன் விருப்பம். அதற்காகவே பொறி வாங்க எண்ணினான்.

ஆயின் அப்பணம் வேறொன்றுக்கு உரியதாய் இருந்தது. எங்கள் கரையோர ஊர்களிலே பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆதலால் மகள் பிறந்த நாள்தொட்டே பெற்றோர் கல்லும் சீமெந்தும் எண்ணத் தொடங்குவர். மருமகனுக்கு நான்கு வயதிலே ஒரு மகள். தோஹாவிலிருந்து வந்த பணத்தில் அத்திவாரம் இட்டாயிற்று. சுவர் எழும்ப வேண்டும். இவ்வழக்கத்தால் விளையும் இன்னொரு செய்தியும் உண்டு. வீடு மனைவியின் வீடு, அடுக்களையும் அவளுடையதே. பொறி வந்து அமரப்போகும் மேடையும் அவளது மேடை.

மருமகன் தன் கைப்பேசியிலே மூன்று பொறிகளின் படங்களைக் காட்டினான். அவன் மனைவி மூன்றையும் பொறுமையாகப் பார்த்தாள். முதலில், அவற்றுள் விலைகூடியதற்கு எத்தனை கல் வாங்கலாம் என்று மனக்கணக்குப் போட்டுச் சொன்னாள். அடுத்து என்னை நோக்கி, "வாங்குவது இவர், கழுவுவது நான். அதை யாரும் கேட்கவில்லையே, மாமா?" என்றாள். இருவரும் தீர்ப்பை என்னிடம் விட்டனர். இலக்கணம் கற்பிப்பவனுக்குப் பொறியைப் பற்றி என்ன தெரியும்? ஆயினும் ஒன்றைத் தீர்க்குமுன் அதனை அறியவேண்டும் என்ற முறைப்படி, மருமகனைக் கேட்டும் நூல்களைப் படித்தும் சில வாரம் செலவிட்டேன். அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகின்றேன்.

கோப்பி நமக்குப் புதியதன்று. 15ஆம் நூற்றாண்டிலே யெமன் நாட்டுச் சூபி ஞானியர் இரவு வணக்கத்துக்கு விழித்திருக்கும் பொருட்டு அதனைப் பருகினர். 1511ஆம் ஆண்டு மக்கா நகரில் அதனைத் தடை செய்தனர், தடை நிலைக்கவில்லை. இலங்கையிலே பெருந்தோட்டப் பயிராகக் கோப்பி 1820களிற் காலூன்றிற்று. தென்னிந்தியாவிலிருந்து காட்டுவழியே கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பாலே அது மலைநாடெங்கும் பரந்தது. 1869ஆம் ஆண்டிலே ஆபிரகாம் யோசேப்பு என்பார் கோப்பிக் கிருஷிக் கும்மி என்றொரு நூலை வெளியிட்டார். கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மிப் பாட்டாக்கிய நூல் அது. அதே 1869ஆம் ஆண்டிலேதான் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலே இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. கோப்பித் துரு என்னும் அப்பூஞ்சண நோய் இருபதாண்டுக்குள் இலங்கையின் கோப்பித் தொழிலை வீழ்த்திற்று. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் நட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. நாம் தேநீர் குடிக்கும் மக்களானது அவ்வாறே. கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்த கோப்பித்தூள் மட்டும் பழைய உறவின் அடையாளமாக நம் வீடுகளில் எஞ்சிற்று.

மருமகன் கற்றுவந்த கோப்பி வேறு வகையினது. எஸ்பிரெஸோ என்னும் இத்தாலியச் சொல்லுக்கு அழுத்திப் பிழியப்பட்டது என்பது பொருள். வடிகட்டியிலே வெந்நீர் தன் எடையால் மெல்ல இறங்கும். இங்கே வெந்நீர் அழுத்தத்தால் செலுத்தப்படுகின்றது. தூரின் நகரத்து அஞ்சலோ மொரியொண்டோ 1884இல் நீராவியாற் கோப்பி வடிக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். மிலான் நகரத்து லூயிஜி பெஸெரா 1901இல் ஒவ்வொரு கோப்பையாகத் தனித்தனியே வடிக்கும் முறையைக் கண்டார். அக்காலப் பொறிகளில் நீராவியே அழுத்தத்தைத் தந்தமையால் கோப்பி கருகிக் கசந்தது. அக்கிலே காஜியா என்பார் 1938இல் நீராவியை விலக்கும் முறைக்கு வழிகண்டு, பின்னர் உலகப் போர் ஓய்ந்த ஆண்டுகளில் நெம்புகோலால் வெந்நீரை அழுத்தும் முறையை வகுத்தார். அதன்பின்னரே எஸ்பிரெஸோவின் மேலே இன்று நாம் காணும் பொன்னிற நுரைப்படலம் தோன்றிற்று. 1961இல் ஃபயேமா நிறுவனத்தின் பொறியொன்று கையின் வேலையை மின்சாரப் பம்பியிடம் ஒப்படைத்தது.

இப்போது வழங்கும் அளவு வருமாறு. 18 கிராம் கோப்பித்தூள். 90 முதல் 96 பாகை செல்சியஸ் சூடுள்ள நீர். வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அழுத்தம். 25 முதல் 30 விநாடி நேரம். இவ்வளவில் 36 கிராம் அளவான கோப்பி இறங்கும். இதனை இரட்டைக் கோப்பை என்பர். கடைப்பெட்டிகளின் மேல் 15 என்றும் 20 என்றும் அழுத்த அளவைப் பெரிய எழுத்திற் பொறிப்பதுண்டு. அது பம்பியின் உச்ச வலிமையைக் குறிப்பதேயன்றிச் சுவையைக் குறிப்பதன்று. ஒன்பதே போதும் என்று மருமகன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

இனிப் பொறிகளின் வகையைக் கூறுவேன். முதலாவது, கப்சியூல் பொறி. அளந்து அடைத்த தூளைச் சிறு குப்பியாக இட்டு ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். 1986இல் நெஸ்பிரெஸோ என்னும் பெயருடன் இது சந்தைக்கு வந்தது. துப்புரவு செய்வது எளிது, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஆயின் அக்குப்பி தீர்ந்தால் பொறி வெறும் அலங்காரம். கொழும்பிலே வாழ்வோர்க்கு அது பொருந்தலாம். ஒலுவிலிலிருந்து ஒவ்வொரு முறையும் குப்பிக்கு ஆளனுப்ப இயலாது. ஒவ்வொரு கோப்பைக்கும் ஓர் அலுமினியக் குப்பி குப்பையிற் சேர்வதும் நன்றன்று.

இரண்டாவது, முழுத் தானியங்கிப் பொறி. கொட்டையை மேலே கொட்டினால் அதுவே அரைத்து, அழுத்தி, வடித்து, பாலையும் உறிஞ்சி நுரைத்துக் கோப்பைக்குள் ஊற்றிவிடும். காண்போர் வியப்பர். மருமகனின் மூன்று படங்களுள் விலைகூடியது இதுவே. விருந்தினர் பலர் வரும் வீட்டுக்கு இது நன்று. ஆயின் பாலோடும் குழாய், பால் கலத்தின் மூடி, உட்புறத்து வடிபாகம், சக்கைப் பெட்டி, கழிநீர்த் தட்டு என்று கழுவவேண்டிய உறுப்புகள் பல. நம் நாட்டு வெப்பத்திலே குழாயினுள் தங்கிய பால் சில மணி நேரத்திற் புளித்துவிடும். ஒருநாட் சோம்பல் மறுநாட் கோப்பையில் நாறும்.

மூன்றாவது, கைப்பிடிப் பொறி. வடிகூடையில் நாமே தூளை நிரப்பி, அழுத்தி, பொறியிற் பூட்டி வடிக்கவேண்டும். பாலை நுரைக்கப் பக்கத்தில் ஒரு நீராவிக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். இதற்குக் கைப்பழக்கம் வேண்டும். சில வாரமேனும் கோப்பி புளித்தும் கசந்தும் போகும். ஆயின் உறுப்புகள் குறைவு. பழுதானால் பெரும்பாலும் ஓர் இரப்பர் வளையத்தை மாற்றினாற் போதும். விலைகுறைந்த கைப்பிடிப் பொறிகளில் ஒரு சூழ்ச்சி உண்டு. வடிகூடையின் அடியிலே இரட்டைச் சுவரும் ஊசித்துளை ஒன்றும் வைத்திருப்பர். பழந்தூளை இட்டாலும் அத்துளை நுரையைப் பீறச் செய்யும். பார்வைக்குப் பொன்னிறம், நாவிலே வெறுமை. அரைத்துப் பல நாளான தூளை வாங்குவோர்க்கு அது கைகொடுக்கும் என்பதும் உண்மையே. ஒற்றைச் சுவர்க் கூடையும் உடன் கிடைக்கின்றதா என்று கேட்டு வாங்குதல் நலம்.

நான்காவது, மின்சாரமே வேண்டாத மோக்காக் கலம். இத்தாலியரான அல்பொன்ஸோ பியலெட்டி 1933இல் இதனை வெளிக்கொணர்ந்தார். அடுப்பின்மேல் வைத்தால் கீழறையின் நீர் மேலெழுந்து தூளினூடே சென்று மேலறையிற் சேரும். அழுத்தம் குறைவாதலால் இது எஸ்பிரெஸோவாகாது. ஆயினும் பாலுடன் கலக்க ஏற்ற கடுங்கோப்பி கிடைக்கும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்தவர் யார்? எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற மாதங்கள் அவை. விறகடுப்பிலும் இயங்கும் கலத்தை இகழ்தல் ஆகாது. சிறு செலவிற் கோப்பி குடிக்க விரும்பும் மாணவர்க்கு நான் பரிந்துரைப்பது இதனையே. மின்கலத்தால் இயங்கும் சிறு நுரைக்கோல் ஒன்றையும் சேர்த்து வாங்கினாற் போதும்.

இவை எல்லாவற்றிலும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. அரைத்த தூள் சில நாளிலே மணம் இழக்கும். கொட்டையோ சில வாரம் தாங்கும். ஆதலால் பொறிக்கு ஒதுக்கிய பணத்திலே ஒரு பங்கை அரைக்கும் கருவிக்கு எடுத்து வைக்கவேண்டும் என்று தொழில் அறிந்தோர் அனைவரும் கூறுகின்றனர். தூளின் பருமனைச் சீராக்காவிட்டால் எவ்வளவு விலையுள்ள பொறியாலும் பயனில்லை. செலவுக் கணக்கும் இங்கே தெளிவாகும். நாளுக்கு இரண்டு இரட்டைக் கோப்பைக்கு 36 கிராம் செல்லும். 250 கிராம் பொதி ஒரு வாரத்திலே தீரும். கோப்பைக்கு 150 மில்லி லீற்றர் பால் என்றால் மாதத்துக்கு ஒன்பது லீற்றர். பொறியின் விலையை ஒருமுறை கொடுக்கின்றோம். கொட்டைக்கும் பாலுக்கும் வாரந்தோறும் கொடுக்கின்றோம். மருமகள் இக்கணக்கைக் கேட்டதும் கொப்பி ஒன்றில் எழுதி வைத்துக்கொண்டாள்.

பாலைப் பற்றிச் சற்று விரித்துரைப்பேன். நீராவிக் குழலின் நுனியைப் பாலின் மேற்பரப்பிலே வைத்தால் காற்று உட்புகும். சற்றே ஆழ்த்தினால் பால் சுழன்று, பெரிய குமிழிகள் உடைந்து நுண்ணியவாகும். பாலிலுள்ள புரதம் அக்குமிழிகளைச் சூழ்ந்து அவற்றை நிலைக்கச் செய்கின்றது. குளிர்ந்த பாலில் தொடங்கி 60 முதல் 65 பாகையில் நிறுத்தவேண்டும். அதற்குமேற் சென்றால் காய்ச்சிய பாலின் வாடை வந்துவிடும். கலத்தைப் பிடித்த உள்ளங்கை சூட்டைத் தாங்க மாட்டாத கணமே நிறுத்தற்குரிய கணம் என்பது மருமகன் கற்ற பாடம். நம் பகுதியிலே வீடுகளில் மிகுதியும் பாவிப்பது பால்மா. அதனை முதல்நாள் இரவே கரைத்துக் குளிரூட்டி வைத்தால் ஓரளவு நன்றாக நுரைக்கின்றது. அடைக்கப்பட்ட திரவப் பால் அதனினும் நன்று. எருமைப்பாலிற் கொழுப்பு ஏறத்தாழ பசுப்பாலின் இருமடங்கு. சுவை மிகுதி, கனமும் மிகுதி. அது தயிருக்கே சிறந்தது. தேங்காய்ப்பாலில் நுரை நில்லாது.

இதனைக் கேட்டபொழுது எனக்கு எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளின் நினைவு வந்தது. இரண்டு குவளைகளை எடுத்து, ஒன்றைத் தலைக்குமேல் உயர்த்தி, மற்றதை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, பால் தேநீரை ஒரு முழக் கயிறுபோல் நீட்டி ஆற்றுவார் கடைக்காரக் காக்கா. உயரத்திலிருந்து விழும் திரவம் காற்றை இழுத்துக்கொண்டு சென்று நுரையாகின்றது. சூடும் நாவுக்கு ஏற்ற அளவில் தணிகின்றது. மலேசியாவிலே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் இதனையே தே தாரிக், அதாவது இழுத்த தேநீர், என்று பெயரிட்டு உலகறியச் செய்தனர். கும்பகோணத்துப் பித்தளை டபராவும் தம்ளரும் செய்யும் வேலையும் இதுவே. பொறி நீராவியைக்கொண்டு செய்வதை நம்மவர் கையின் உயரத்தைக்கொண்டு செய்தனர். இரண்டிலும் அறியவேண்டியது ஒன்றே: எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு, எப்போது நிறுத்துவது.

மின்சாரத்தையும் நீரையும் பற்றி இரண்டொரு சொல். இவ்வகைப் பொறி 1,350 வாற்று அளவில் மின்சாரம் இழுக்கும். பத்து நிமிடம் இடையறாது இயங்கினாலும் கால் அலகு செல்லாது. ஆதலால் கட்டணத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆயின் 230 வோல்ற்றில் அது ஏறத்தாழ 6 அம்பியர் ஆகும். நம் பழைய வீடுகளில் விளக்குக்கும் வானொலிக்கும் வைத்த 5 அம்பியர் உருண்டை முள் செருகியில் அதனை இணைத்தல் ஆபத்து. கனடாவிலிருந்து பொறி அனுப்பும் அன்பர் கவனிக்க: அங்கே 120 வோல்ற்று, அப்பொறியை இங்கே நேரே இணைத்தால் அன்றைக்கே அதன் ஆயுள் முடியும். கிணற்று நீரிலே சுண்ணாம்பு மிகுந்த இடங்களில் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தோன்றுவதைக் காண்கின்றோம். அதுவே பொறியின் நுண்குழாயையும் அடைக்கும். வடிகட்டிய நீரைப் பாவித்து, சில மாதத்துக்கொருமுறை படிவு நீக்கவேண்டும். கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிப்பதும் நம் கரையோரத்துக்குரிய தொல்லை. துருப்பிடியா உருக்கு உடலே தகும்.

இவ்வாறெல்லாம் ஆராய்ந்தபின் என் மனத்திலே தங்கியது மருமகள் கேட்ட முதற் கேள்விதான். எங்கள் ஊரிலே அதற்குப் பெரியதோர் உதாரணம் உண்டு. ஒலுவில் துறைமுகம் 2013ஆம் ஆண்டு செப்டெம்பரிலே திறந்துவைக்கப்பட்டது. அலைதாங்கிகள் எழுந்தன, வெளிச்ச வீடும் எழுந்தது. ஆயின் கரையோரமாக ஓடும் மணலைக் கடல் ஓயாது கொண்டுவந்து துறைமுக வாயிலிலே குவித்தது; வடக்குப் பக்கத்திலோ கரையை அரித்துத் தென்னைகளை வீழ்த்திற்று. வாயிலைத் தூர்வாரித் தூர்வாரி வைத்தாலன்றிப் படகு புகவியலாத நிலை வந்தது, மீனவர் அல்லலுற்றனர். கட்டுவதற்குரிய செலவு ஒருமுறைக்கு உரியது, தூர்வாருவதோ என்றுமுள்ளது. எதனையும் அமைக்குமுன், நாளை இதனைத் துப்புரவாக வைத்திருப்பவர் யார், அவரால் அது இயலுமா என்று கேட்டறிதல் பெரிய திட்டத்துக்கும் வேண்டும். அடுக்களை மேடைக்கும் வேண்டும்.

ஆகவே நான் தீர்ப்பாகச் சொன்னது இது: "பொறி வேண்டுமா வேண்டாமா என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். வேண்டும் என்றால், எது என்பதைக் கழுவுகின்ற கை தெரியட்டும். அல்லது கோப்பி வடிக்கும் கையே கழுவட்டும். அப்போது அதுவே தெரியட்டும்." மருமகன் சற்றே சிந்தித்து, "நான் வடித்தால் நானே கழுவுவேன், மாமா. தோஹாவில் ஏழு வருடமும் கழுவியது நான்தானே" என்றான். மருமகள் அதனை உடனே ஏற்கவில்லை. "கடைக்குப் போய்ப் பார்ப்போம்" என்றாள்.

மூவரும் ஒருநாட் கொழும்புக்குச் சென்றோம். கடைக்காரர் தானியங்கிப் பொறியின் பெருமையை விரித்துரைத்தார். மருமகள் முடியும்வரை கேட்டிருந்து, "கழுவவேண்டிய உறுப்புகளை எல்லாம் கழற்றி இம்மேசையில் வையுங்கள்" என்றாள். அவர் அதுவரை அவ்வாறு கேட்டவரைக் கண்டதில்லை போலும். தயங்கித் தயங்கிக் கழற்றினார். பதினொரு துண்டுகள் மேசையில் நிரம்பின. பின்னர்க் கைப்பிடிப் பொறியைக் கழற்றச் செய்தாள், நான்கு துண்டுகள். நீராவிக் குழலை ஈரத்துணியால் துடைத்து, ஒரு கணம் நீராவியைத் திறந்துவிட்டால் அதன் துப்புரவு முடிந்தது. அவளே துடைத்துப் பார்த்தாள். கணவனையும் துடைக்கச் செய்து பார்த்தாள். கைப்பிடிப் பொறி ஒன்றும், கையாற் சுழற்றி அரைக்கும் கருவி ஒன்றும் வாங்கினோம். இரண்டும் சேர்ந்தும் தானியங்கியின் விலையிற் பாதிக்கும் குறைவு. மீந்த பணம் கல்லாயிற்று.

பொறி வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பின் உறவினர் சிலர் கூடினர். மருமகன் தூளை நிறுத்தான், அழுத்தினான், வடித்தான், பாலை நுரைத்துக் கோப்பையின்மேல் ஓர் இலை உருவம் தோன்ற ஊற்றினான். ராத்தா முதற்கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைக் கலைக்க மனம் வரவில்லை, மகன்" என்று வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். வந்தோருள் தேநீர்க் கடைக் காக்காவும் இருந்தார். நாற்பதாண்டு தேநீர் ஆற்றியவர். அவர் புகழ்ந்து ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையை வெளிச்சத்திலே சாய்த்துப் பார்த்து, "ஓரத்திலே குமிழி கொஞ்சம் பெரிது" என்றார். மருமகன், "ஓம் காக்கா, பால் போதிய குளிர் இல்லை" என்றான். அவர் தலையசைத்து, "சூட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறாய்?" என்று கேட்டார். "உள்ளங்கையால்" என்றான். "நானும் அப்படித்தான்" என்றார் அவர். அதன்பின் அவ்விருவரும் மற்றவரை மறந்து நுரையைப் பற்றியே அரைமணி நேரம் உரையாடினர். ஏழாண்டு வேலையை ஒரு வரியிற் கூறி முடித்த ஊரிலே, அத்தொழிலின் நுட்பத்தை ஒருவர் விரித்துக் கேட்கும் காட்சியை நான் அன்று கண்டேன்.

இன்று அப்பொறி காலையில் ஒருமுறையும் அஸர் தொழுகைக்குப் பின் ஒருமுறையும் இயங்குகின்றது. மற்ற வேளைகளில் வழக்கம்போல் தேநீர்தான். மருமகன் வடிக்கின்றான், மருமகன் கழுவுகின்றான். வெளியூர் சென்ற நாள்களில் மருமகள் வடிக்கின்றாள். அந்நாள்களில் அவளே கழுவுகின்றாள். மகளின் வீட்டுச் சுவர் சாளர மட்டம்வரை எழுந்துள்ளது. பல்கலைக்கழக மாணவர் நடமாடும் பாதையிலே சிறு கோப்பிக் கடை ஒன்று திறந்தால் என்ன என்னும் எண்ணமும் அவனுக்கு உண்டு. அதற்கு வீட்டுப் பொறி போதாது. கடைக்கென்று ஆக்கிய பொறியே வேண்டும். அக்கணக்கையும் மருமகள் அதே கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கின்றாள்.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வீட்டுக்குப் பொறி அனுப்ப விரும்பும் அன்பு போற்றத்தக்கது. ஆயின் அனுப்புமுன் தொலைபேசியில் அழைத்து, வோல்ற்றைக் கேளுங்கள்; நீரைக் கேளுங்கள்; கொட்டையும் பாலும் அங்கே கிடைக்குமா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னர், அதனைக் கழுவப்போகும் தாயை அல்லது தங்கையை அழைத்து, "உங்களுக்கு இது வேண்டுமா?" என்று கேளுங்கள். இங்கே பயிலும் மாணவத் தம்பியர்க்கும் ஒரு சொல்: கற்ற கைத்தொழில் எதுவாயினும் அதன் நுட்பத்தை முற்ற அறிந்து செய்க, கேட்டோர்க்கு அதன் பெயரை மறையாது சொல்லுக.

பல ஊராரையும் பல சமயத்தாரையும் ஒரு பந்தியில் இருத்தி அறிவூட்டிய நம் கல்லூரித் தாய் இவ்விழாக் காலத்திற் பொலிவுற்று, இன்னும் பல விழாக்கள் காண்பாளாக.